கம்பம்மெட்டு இறக்கத்தில் என் இடது கை

கம்பம்மெட்டிலிருந்து இறங்கும் சாலையில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு இருபதடி முன்னால்தான் எனக்கு அது உறைத்தது: இந்த வண்டியில் எஞ்சின் என்று ஒன்று இருக்கிறது, அதை நான் மேலேயே அணைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பின்னால் அம்மா. இரண்டு காலையும் இடதுபுறம் தொங்கவிட்டு, மடியில் தூக்குவாளியை அணைத்துக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேலிருந்து மிதித்துக்கொண்டே வந்ததில் பின் பிரேக் சூடேறி, பெடல் பஞ்சுக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. வண்டி நிற்கவில்லை. ஈரச் சாலையில் முன் பிரேக்கை இறுக்கப் பயம். முள் நாற்பதைத் தாண்டி ஆடியது. எஞ்சின் சத்தம் இல்லாததால் டயர் தண்ணீரைக் கிழிக்கும் ஓசையும் அம்மாவின் வளையல் ஓசையும் மட்டும் கேட்டன. அந்த அமைதி இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. அவ்வளவு வேகத்தில் அவ்வளவு அமைதி இருக்கக் கூடாது.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் இப்படித்தான் இறங்குவார்கள். மலை உச்சியில் கேரள எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் சாவியைத் திருப்பி அணைத்து, நியூட்டரில் தள்ளி, வண்டியை உருட்டிவிடுவது. பெட்ரோல் மிச்சம் என்று சொல்வது பேச்சுக்கு. உண்மையில் அது ஒரு பெருமை. யாருடைய வண்டி எதுவரைக்கும் உருளும் என்பதில் டீக்கடையில் சண்டையே நடக்கும். "என் வண்டி தென்னந்தோப்பு வரைக்கும் வரும்ல" என்பான் ஒருத்தன். "உன் வண்டிக்கு ரெண்டு பக்கமும் மூட்டையக் கட்டி விட்டா வராம என்ன செய்யும்?" என்பான் இன்னொருத்தன். நான் பழைய வண்டி ஒன்றை வாங்கிய முதல் மாதத்திலேயே தென்னந்தோப்பைத் தாண்டி, வாய்க்கால் பாலம்வரை உருண்டு வந்து காட்டினேன். பொம்பளப் பிள்ளை கியர் வண்டி ஓட்டுவதே பெரிது என்று நினைத்திருந்தவர்கள் முன்னால் அதைச் செய்ததில் எனக்கு ஒரு வாரத்துக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்கள் எல்லாரும் தனியாக உருண்டார்கள். நான் அம்மாவை வைத்துக்கொண்டு உருண்டேன்.

அம்மா மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் காய் எடுக்கப் போகிறாள். நான் படித்துவிட்டு, அதே எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். விடிந்தும் விடியாமல் கம்பத்திலிருந்து ஜீப்புகள் கிளம்பும். ஒரு ஜீப்பில் எத்தனை பெண்கள் ஏறுவார்கள் என்று எண்ணிப் பார்க்கக் கூடாது. எண்ணினால் ஏறத் தோன்றாது. அம்மாவுக்கு வலது முட்டி மடங்காமல் போய் ஒரு வருடம் ஆகிறது. ஜீப்புக்குள் மடக்கி உட்கார முடியாமல், பின்கதவு ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு போவாள். வேலையை விடச் சொன்னால், "விட்டுட்டு வீட்டுல சுவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காரவா?" என்பாள். அதனால்தான் என் வண்டியில் ஏற்றினேன். வண்டியில் காலைத் தொங்கப்போடலாமே. யோசனை நல்ல யோசனைதான்.

சரி, அந்த வளைவு.

எஞ்சின் வேண்டும் என்று உறைத்ததும் என்ன செய்தேன் என்றால், கிளட்சைப் பிடித்து, கால்விரலால் கியரை முன்னால் ஒரு மிதி மிதித்தேன். என் வண்டியில் முன்னால் மிதித்தால் கியர் ஏறும், குதிகாலால் பின்னால் மிதித்தால் இறங்கும். நியூட்டரிலிருந்து முன்னால் ஒரு மிதி என்றால் முதல் கியர். நாற்பதில் உருளும் வண்டிக்கு முதல் கியர். அதுவும் எஞ்சின் அணைந்த நிலையில். இதெல்லாம் இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: கிளட்சை விட்டேன், யாரோ பின்சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தியதுபோல் இருந்தது.

சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் அப்படியே வழுக்கி வலதுபுறம் சுற்றியது. அம்மாவின் தோள் என் முதுகில் மோதியது, பிறகு இல்லை. வண்டி மலைப்பக்கத்துச் சகதியில் சாய்ந்தது. நான் அதன்மேல் கிடந்தேன். தூக்குவாளி ரோட்டில் உருண்டது. மூடி ஒரு பக்கம் போக, வாளி மட்டும் டங் டங்கென்று வளைவைத் தாண்டி, தடுப்புச் சுவருக்குக் கீழே தண்ணீர் போக விட்டிருந்த ஓட்டை வழியாக வெளியே போய்விட்டது. விழுந்த ஓசைக்காகக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, மெல்லியதாக ஒன்று கேட்டது.

"அம்மா!"

"இங்கனதான் இருக்கேன். கத்தாத."

சகதியில் உட்கார்ந்தபடியே சேலையைக் காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை உரிந்திருந்தது. தலையில் ஹெல்மெட் இல்லை. நான் மட்டும் போட்டிருந்தேன்.

"வண்டியத் தூக்கு ஆத்தா. ஜீப்பு வந்தா நேரா இடிச்சிருவாக."

தூக்கி, எஞ்சினைக் கிளப்பினேன். அவள் ஏற மாட்டேன் என்று சொல்லவில்லை. நடக்கத் தொடங்கினாள். மடங்காத முட்டியோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மீதி இருந்த வளைவுகள் அத்தனையும். நான் பக்கத்தில் முதல் கியரில், அவள் நடைக்குச் சமமாக ஊர்ந்தேன். எஞ்சின் உர்ர் என்று பிடித்துக்கொண்டே வந்தது. பிரேக்கைத் தொடவே தேவைப்படவில்லை. தொடாமலே வண்டி இறங்கியது! ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் இது தெரிந்திருந்தால்.

பின்னால் வந்த ஜீப் வேகம் குறைத்தது. உள்ளே இருந்தவர்கள் அம்மாவோடு காய் எடுக்கிறவர்கள்.

"என்னக்கா, மக ஏரோபிளேன் ஓட்டுதுன்ன? எறக்கி விட்ருச்சா?"

"பஞ்சரு," என்றாள் அம்மா.

"ரெண்டு வீலும் நல்லாத்தான இருக்கு?"

"உள்ள பஞ்சரு. நீங்க போங்கடி."

என்னைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பொய்யைக் கேட்டபோது, விழுந்தபோது வராத அழுகை வந்தது. ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணாடி பனிபிடித்துவிடும். அதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை அம்மா ஜீப்பில் ஏறினாள். நான் வண்டியில் பின்னாலேயே போனேன். முன்னால் போகலாம், போக முடியவில்லை. பின்கதவுக்கு வெளியே நீட்டிய அந்தக் கால், வளைவுக்கு வளைவு தடுப்புச் சுவரை உரசுவதுபோல் போய் விலகியது. எதிரே பால் வண்டி வந்தால் ஜீப் இன்னும் ஓரம் ஒதுங்கும். அந்தக் காலை அங்கிருந்து எடுக்க வேண்டும். எடுத்து வைக்க என் பின்சீட்டைத் தவிர வேறு இடம் இல்லை. என் பின்சீட்டோ, முந்தின நாள்தான் அவளைச் சகதியில் போட்டது. ஜீப் டிரைவர்மேல் எனக்கு இருந்த பயத்தைவிட என்மேல் இருந்த பயம் பெரிது. இப்படியே பத்து நாள் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

ஏறும்போது மூன்றாவதிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து முதலாவது என்று யோசிக்காமல் கியரை மாற்றுகிறேன். அதே கியரில் இறங்கினால் என்ன? 'குறைந்த கியரில் செல்லவும்' என்று மெட்டில் ஒரு மஞ்சள் பலகை இருக்கிறது. தினமும் அதன் கீழே நின்றுதான் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்திருக்கிறேன். படித்தவள் நான்.

ஆரம்பித்தேன். எனக்கு ஒன்றில் இறங்கினால் தூக்கம் பிடிக்காது. செல்போனில் கிடைத்த வீடியோ எல்லாம் பார்த்தேன். தோல் சட்டை போட்டுக்கொண்டு, முழங்கால் தரையில் உரச வளைகிறவர்கள். அவர்கள் யாருக்கும் பின்னால் சேலை கட்டிய ஆள் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கவில்லை. அதனால் அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா கம்பத்திலேயே கட்டிக்கொடுத்தவள், அம்மாவின் எடை, வாய் மட்டும் இரண்டு மடங்கு.

"ஏடி, அம்மாவப் போட்டது பத்தாதுன்னு என்னையும் போடப் போறியா?"

"சமதரையிலதான் அக்கா. சுருளிப்பட்டி ரோட்டுல. சேல கட்டிக்கிட்டு ஒருபக்கமா ஒக்காரு. நான் கியரக் கொறைக்கும்போது நீ முன்னால வந்து மோதுறியான்னு மட்டும் சொல்லு."

"மோதுனா?"

"தப்புன்னு அர்த்தம்."

"மோதாட்டி?"

"அப்ப இன்னொரு தடவ."

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அந்த ரோட்டில் போய்ப் போய் வந்தோம். இரண்டு பேருக்கும் ஹெல்மெட். கிளட்சை வெடுக்கென்று விட்டால் அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் 'டொக்' என்று இடிக்கும். முதல் நாள் எத்தனை டொக் என்று கேட்காதீர்கள். பந்தலுக்குக் கீழே குலை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் மூன்றாவது தடவையே வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"ஏ புள்ள, அக்காள விக்க கொண்டு போறியா? யாரும் வாங்க மாட்டேங்காகளா, திரும்பத் திரும்பக் கொண்டு வார?"

"வெல படியலத்தா," என்றாள் அக்கா. "நீங்க எடுத்துக்கிறீகளா? மூணு வேளைச் சோறு போடணும்."

அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த டொக் ஒவ்வொன்றும் எனக்கு ஒரு வளைவு. மலையில் என்றால் அது அம்மாவின் தோள், அதற்கடுத்து அம்மா இல்லை.

மெதுவாகப் பிடிபட்டது. முதலில், ரோடு நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்து இதமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பிறகு கிளட்ச், குதிகாலால் ஒரே ஒரு கியர், கிளட்சை விடுவதற்கு முன்னால் ஆக்ஸிலேட்டரை ஒரு துளி முறுக்கல். அந்தத் துளியில் எஞ்சின் சக்கரத்தின் வேகத்துக்கு வந்து சேர்ந்துகொள்ளும். பிறகு கிளட்சை மெல்ல விட்டால் இழுப்பே தெரியாது. இன்னொரு கியர் வேண்டுமென்றால் இதையே இன்னொரு தடவை. இரண்டை ஒன்றாகத் தாண்டக் கூடாது. இவ்வளவும் வளைவு தொடங்கும் முன் முடிந்துவிட வேண்டும். வண்டி சாய்ந்த பிறகு கால் கியரைத் தொடவே கூடாது. லேசாக எஞ்சின் இழுத்தபடி சுற்றி வெளியே வந்துவிட வேண்டும்.

"இப்ப கியர் மாத்துனியா?" என்று அக்கா கேட்டாள்.

"மாத்திட்டேன்."

"பொய் சொல்லாத. எனக்குத் தெரியவே இல்ல."

அந்த ஒரு வாக்கியத்துக்காக வண்டியை நிறுத்தி அவளுக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அவள் இரண்டாக வாங்கிக்கொண்டாள்.

இனி மலைதானே என்று தனியாக மெட்டுக்கு ஏறினேன். மேலே டீக்கடைக்காரர் மலையாளி; நான் எஞ்சினை அணைக்காமலே டீ வாங்கியதைப் பார்த்துச் சிரித்தார். "எந்தா மோளே, இன்னு உருட்டுந்நில்லே? பதுக்கே போ, கேட்டோ." இன்றைக்கு உருட்டவில்லையா, மெதுவாகப் போ என்கிறார். மெதுவாகப் போகத்தான் போனேன். முதல் வளைவு மூன்றிலிருந்து இரண்டு, அழகாக. இரண்டாவது, இன்னும் அழகாக. கம்பத்துப் பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே பச்சையாக விரிந்து கிடந்தது. ஐயோ, நான் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று நினைத்த அதே நேரம் எதிரில் ஒரு ஜீப், வளைவின் பாதி ரோட்டையும் தின்றுகொண்டு ஏறி வந்தது. ஹாரன்.

வண்டி பாய்ந்தது. நான் ஆக்ஸிலேட்டரைத் தொடவில்லை, ஆனால் பாய்ந்தது. எஞ்சின் சத்தம் கீழே போய்விட்டது, காற்றுச் சத்தம் மேலே வந்தது, சுவர் கிட்டே வந்தது. எனக்கு அந்த அமைதி தெரியும். அதே அமைதி. எப்படி? கியரில்தானே இருக்கிறேன்?

கீழே பார்த்தேன். என் இடது கை கிளட்சை முழுசாக இறுக்கிப் பிடித்திருந்தது.

எப்படிச் சுவரில் மோதாமல் போனேன் என்று எனக்குத் தெரியாது. ஜீப் போன பிறகு ஓரத்தில் நிறுத்தினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த இடத்திலிருந்து கீழே பார்க்காமல் என் கையையே பார்த்தேன். எனக்குத் தெரியாமலேயே அது மூடிக்கொள்கிறது. பயம் வந்தால் மூளைக்கு முன்னால் அதுதான் கேட்கிறது. கிளட்சைப் பிடித்துவிட்டால் எந்தக் கியரில் இருந்தாலும் வண்டி உருளத்தான் செய்யும். நியூட்டருக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. இரண்டு வருஷமாக இந்த இறக்கத்தில் உருட்டி உருட்டி, உருள்வதுதான் இறங்குவது என்று கைக்குப் பழக்கிவிட்டிருக்கிறேன். கியர் மாற்றக் காலுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கைக்கு யார் சொல்வது?

அன்று அங்கிருந்து வண்டியை எடுக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. அம்மா பின்னால் இருந்தபோது விழுந்ததுகூட, தெரியாமல் செய்த தப்பு. இது தெரிந்தும் நடக்கிறது. தெரிந்த பிறகும் நடக்கிற தப்புக்கு என்ன செய்ய? இதை அக்காவிடம்கூட இரண்டு நாள் சொல்லவில்லை.

சொன்னபோது அவள் கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். செய்தாள்.

"கையக் கட்டிப் போட்ரு. ஒத்தக் கையிலயே ஓட்டு."

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் பின்னால ஒக்காந்து பாக்குறேன். நீ எப்பப் புடிக்கிறன்னு சொல்றேன்" என்றாள்.

"மலையிலயா?"

"பெறகு எங்கன? சுருளிப்பட்டி ரோட்டுல உனக்கு என்ன பயம் வரும், திராட்ச மேல விழுந்துருமா?"

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைத்து கிளட்சை விட்டதும், இடது கையின் நான்கு விரலையும் லீவரிலிருந்து எடுத்து, கைப்பிடியோடு சுற்றிக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பயத்தில் மூடினாலும் கைப்பிடியைத்தான் இறுக்கட்டும். விரல் லீவருக்குப் போவதைப் பார்த்தால் அக்கா முதுகில் ஒரு குத்து விடுவாள். முதல் ஞாயிறு என் முதுகு வீங்கிப்போனது. பஸ் எதிரே வரும்போதெல்லாம் குத்து. நாய் குறுக்கே வந்தால் குத்து. ஒருதடவை ஒன்றுமே இல்லாமல் குத்தினாள். ஏன் என்று கேட்டால், "நீ புடிக்கப் போற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

மூன்றாவது ஞாயிறு, மழை விட்ட ஈரத்தில், ஒரு வளைவில் அதே மாதிரி ஜீப் வந்தது. கை மூடியது, கைப்பிடியை மூடியது. எஞ்சின் பிடித்தபடியே இருந்தது. இரண்டாவது கியரில், இடப்பக்கம் ஒதுங்கி, ஜீப் போகும்வரை ஊர்ந்தோம். குத்து விழவில்லை. கீழே வந்து இறங்கியதும் அவள் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது.

"ஏன்க்கா, பயந்துட்டியா?"

"பயப்படாம? நான் கண்ண மூடிட்டேன்டி. நீ கிளட்சப் புடிச்சியா இல்லியான்னே பாக்கல."

அதாவது, அந்த ஒரு தடவை நான் சரியாகச் செய்ததற்குச் சாட்சி நான் மட்டும்தான். இதை வைத்துக்கொண்டு அம்மாவிடம் போய் என்ன சொல்ல?

உள்ளதைச் சொன்னேன். உருட்டியது தப்பு, கியர் போட்டது தப்பு, ஹெல்மெட் கொடுக்காதது அதைவிடத் தப்பு, கை இன்னும் முழுசாக என் பேச்சைக் கேட்பதில்லை. எல்லாம் சொன்னேன். அம்மா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"இப்பயும் பயமா இருக்கா?"

"இருக்கும்மா."

"அன்னைக்கு வாய்க்கால் பாலம் வரைக்கும் உருண்டு வந்தேன்னு சொன்னியே, அன்னைக்கு இருந்துச்சா?"

"இல்ல."

தைலப் புட்டியை மூடி வைத்தாள். "மேலருந்து வர மாட்டேன். கீழ ரெண்டு வளைவு மட்டும். அதுவரைக்கும் ஜீப்புல வாரேன். அங்கன நீ நில்லு."

"கொண்டைய அவுத்துட்டு சடை போடணும்மா. ஹெல்மெட்டு எறங்காது."

"சடையா? இந்த வயசுல ஜீப்புல சடை போட்டுப் போனா அவளுக என்னயச் சும்மா விடுவாளுகளா?" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாளை சாயங்காலம் வேலை விட்டு நான் முன்னாலேயே இறங்கிவிடுவேன். கடைசி இரண்டு வளைவுக்கு மேலே, ரோடு கொஞ்சம் அகலமாக இருக்கும் இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் நிற்பேன். பின் பிரேக்கை இன்றே இறுக்கி வைத்துவிட்டேன். ஜீப் நின்று, அந்தக் கால் முதலில் இறங்கும். அவள் ஏறி உட்கார்ந்து, என் இடுப்பைப் பிடித்து, "ம்" என்று சொல்லும்வரை அசைய மாட்டேன். இரண்டாவது கியரில் கிளம்பாது, அதனால் முதலாவதில் கிளம்பி, இரண்டாவதுக்குப் போய், அதற்கு மேல் போகாமல், முதல் வளைவுக்கு வெகுதூரம் முன்னாலேயே பிரேக் பிடிப்பேன். அங்கே தேவைப்பட்டால் மட்டும் முதலாவது, ஒரு துளி ஆக்ஸிலேட்டரோடு. பிறகு நான்கு விரலும் கைப்பிடியில். அம்மா குத்த மாட்டாள், அதனால் இந்தத் தடவை நானே பார்த்துக்கொள்ள வேண்டும். மழை வந்தால் இன்னொரு நாள் என்று சொல்லிவிடுவேன். இப்போது ஜன்னலுக்கு வெளியே மேற்கே மேகம் கருப்பாகத்தான் நிற்கிறது.